மீட்டரில் எட்டு, கல்லில் ஒன்பது

எட்டு மாதம் லாரியில் போய்வந்த சாலையில் அன்று நடந்து போய்க்கொண்டிருந்தேன். பூந்தமல்லி பின்னால் இருந்தது, ஆவடி முன்னால். கையில் ஒரு ரெக்சின் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, லைசென்ஸ், பிளக் கழற்றும் பானா. பானா என் சொந்தப் பானா. கிளம்பும்போது பையை முதலாளி முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் கவிழ்த்தேன்.

காலை ஏழரை மணிக்குள் வெயில் ஏறிவிட்டது. ஆறு தச்சர்கள் காதில் விழும்படி அவர் என்னைப் பெட்ரோல் திருடன் என்று சொல்லியிருந்தார். அந்தப் பேர் ஓட்டுநரிடம் ஒட்டினால் லேசில் போகாது. மதியத்துக்குள் பூந்தமல்லி லாரி ஸ்டாண்டுக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் அம்பத்தூருக்கு. அதற்கப்புறம் யாரும் சாவியைக் கையில் தரமாட்டார்கள். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கல்குவாரி, செங்கல் சூளை, ஆந்திரா லாரியில் கிளீனர் என்று ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் கைக்கு வந்த ஒரே தொழில் வண்டி ஓட்டுவது.

அந்தச் சொல்லை நினைக்காமல் இருக்க, சாலையோரக் கிலோமீட்டர் கற்களை எண்ணிக்கொண்டு நடந்தேன். பட்டறை வாசலிலேயே ஒரு கல் உண்டு. அதை விட்டுவிட்டு அடுத்ததை ஒன்று என்று எண்ணினேன்.

பட்டறையில் தொழிற்சாலைகளுக்கு மரப்பெட்டி செய்தார்கள். முதலாளி அந்தப் பக்கத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலத்தில் பாதியை விற்று மரம் அறுக்கும் இயந்திரம் போட்டவர். பெட்டிகளை ஆவடியில் ஒரு தொழிற்சாலைக்குக் கொண்டுபோக ராணுவ ஏலத்தில் ஒரு பழைய லாரி எடுத்திருந்தார். அது டீசல் வண்டி இல்லை, பெட்ரோல் வண்டி. மலிவாகக் கிடைத்தது ஏன் என்று வாங்கிய பிறகுதான் தெரிந்தது. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர். ஒவ்வொரு திங்கட்கிழமையும் டேங்கை வாய்வரை நிரப்பி, அந்த வாரம் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை ஊற்றிய லிட்டரால் வகுத்து, வந்த எண்ணைப் பட்டறைக் கதவில் சாக்பீஸால் எழுதுவார். நாலு, நாலு, மூணே முக்கால் என்று கதவு முழுக்க இருக்கும்.

எனக்கு முன்னால் அதை ஓட்டியவர் அண்ணனூர்க்காரர். பெட்ரோலை உறிஞ்சி விற்கிறார் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் பட்டறையிலேயே பலகைமேல் படுத்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை செய்ய ஒன்றும் இருக்காது. முதல் ஞாயிறு ஜாக்கி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிப் பார்த்தேன். மூன்று சுற்றின. பின்பக்கம் இடது சக்கரம் அசையவே இல்லை. டிரம்மைக் கழற்றினால், பிரேக்கைப் பின்னுக்கு இழுக்கிற ஸ்பிரிங் ஒடிந்து கிடந்தது. அந்த வண்டி எத்தனை மாதமாகப் பிரேக் பிடித்தபடியே ஓடியதோ. தெரிந்த மெக்கானிக்கிடம் பழைய ஸ்பிரிங் ஒன்று வாங்கி மாட்டினேன். அடுத்த ஞாயிறு கார்புரேட்டர். சோக் கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருந்தது. பெட்ரோல் கூடுதலாகப் போனது அதனால்தான், கரும்புகை அதனால்தான், பிளக்கெல்லாம் அடுப்புக்கரி மாதிரி. எண்ணெய் விட்டு இழுத்து இழுத்துச் சரிசெய்தேன். பெட்டி குலுங்கக்கூடாதென்று டயரில் காற்றைக் குறைத்தே வைத்திருந்தார்கள், அதை ஏற்றினேன். ராணுவத்தார் எதற்கோ போட்டிருந்த இரண்டு இரும்புப் பலகைகளை இறக்கிச் சுவரோரம் சாத்தினேன்.

ஆவடி தொழிற்சாலை வாசலில் சோதனைக்கு அரைமணி நேரம் நிற்க வேண்டும். செல்ஃப் ஸ்டார்ட்டர் வேலை செய்யாது என்பதால் யாரும் எஞ்சினை நிறுத்துவதில்லை. நான் நிறுத்தினேன். முன்னால் போய்க் கைப்பிடியைச் சொருகிச் சுற்றித்தான் மறுபடி கிளப்ப வேண்டும். ஒருமுறை கைப்பிடி திருப்பி அடித்து மணிக்கட்டு வீங்கியது. ஆனால் இரண்டு மாதத்தில் கதவில் ஐந்து என்று எழுதினார்.

"பாத்தியா நைனா? வண்டி அஞ்சு குடுக்குது. அப்போ அந்த அண்ணனூர்க்காரன் லிட்டருக்கு ஒண்ணு துன்னுகீறான்" என்றார் முதலாளி.

பிரேக் பிடித்திருந்தது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பாராட்டு பாதியாகிவிடும் என்று தோன்றியது. தோளைத் தட்டினார், டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

மாசி கடைசியில் டயர் நான்கும் வழுக்கையாகிவிட்டன. பழைய டயர் கடையில் ஒரு செட் சல்லிசாகக் கிடைத்தது என்று முதலாளியே வாங்கிவந்தார். கொஞ்சம் பெரிய சைஸ். முழுக்க வளைக்கும்போது முன்டயர் மட்கார்டில் உரசியது. தச்சர் ஒருவர் சுத்தியலால் மட்கார்டு ஓரத்தை அடித்து மடக்கிக் கொடுத்தார். அதற்குப் பிறகு கதவில் ஐந்து வரவில்லை. நாலரை, மறுவாரமும் நாலரை.

மறுபடியும் ஜாக்கி போட்டேன், சக்கரம் நான்கும் சுற்றின. பிளக் காய்ந்து செங்கல் நிறத்தில் இருந்தது, புகை இல்லை. கடைசி வாரம் முழுக்க ஒவ்வொரு நடைக்கும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். போக எட்டு, வர எட்டு. ஒன்றும் புரியவில்லை. நான் கிளம்பிய அன்று காலை, மறுபடி நாலரை என்று எழுதிவிட்டு அவர் சாக்பீஸைக் கீழே போட்டார்.

"அஞ்சு குட்த்த வண்டி நாலரை குடுக்குது. அரை எங்கடா போச்சு?"

"தெரியலைங்க முதலாளி."

"அஞ்சு கொண்டாந்தவன் நீ. உனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்? முன்ன இருந்தவனாவது நாலுலயே நின்னான். நீ கில்லாடி, மேல ஏத்திக் காட்டிட்டு எடுக்கிறே. பெட்ரோல் திருடன்டா நீ."

நாலிலேயே விட்டிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். கூவம் பாலத்தைத் தாண்டும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல் எண்ணுவது மட்டும் நிற்கவில்லை. ஐந்து, ஆறு. பருத்திப்பட்டு ஏரி கண்ணில் பட்டது. ஏழு. எட்டாவது கல்லில் நின்றேன். மீட்டர் கணக்குப்படி அங்கே தொழிற்சாலைக் கேட் இருக்க வேண்டும். கேட் கண்ணுக்கே எட்டவில்லை.

தப்பாக எண்ணிவிட்டேனோ என்று மேலே நடந்தேன். கேட் வந்தது. அதன் பக்கத்தில் இருந்தது ஒன்பதாவது கல்.

எதிர்ப்பக்கம் குவார்ட்டர்ஸ் பகுதி. வேப்பமர நிழலில் ஒருவர் பெரிய சைக்கிளில் மெல்லப் போய்க்கொண்டிருந்தார். அவர் மகள் சின்னச் சைக்கிளில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, நீங்க சும்மா மிதிச்சிட்டே முன்னால போறீங்க!"

"ஒன் சக்கரம் சின்னதுல்லா? அது நாலு சுத்து சுத்துனாத்தான் என்னுது மூணு சுத்தும்" என்றார் அவர், தென்காசிப் பக்கத்துப் பேச்சில்.

நான் பையைக் கீழே வைத்தேன். மீட்டர் சாலையைப் பார்த்து எண்ணுவதில்லை. சக்கரம் சுற்றுவதை எண்ணுகிறது. சக்கரம் பெரிதானால் சுற்று குறையும், மீட்டரில் ஓடின கிலோமீட்டரும் குறையும். வண்டி ஒன்பது போனது, பெட்ரோலும் ஒன்பதுக்குத்தான் குடித்தது. மீட்டர் எட்டு என்றது. அரை எங்கும் போகவில்லை.

அடுத்த பஸ்ஸில் பூந்தமல்லி திரும்பினேன்.

பழைய டயர்கள் பட்டறைக் கிணற்றடியில் கிடந்தன. முதலாளியைக் கூப்பிட்டு, "டேப் குடுங்க, இதையும் அளங்க, வண்டியில இருக்கறதையும் அளங்க" என்றேன்.

"இன்னாடா, திரும்பி வந்து எனக்கே வேலை வைக்கிறியா?" என்றாலும், டேப்பைப் பார்த்தால் அவர் கை சும்மா இருக்காது. பழையதை நிமிர்த்தி அளந்தார். முப்பத்திரண்டு அங்குலம். லாரியில் இருந்ததை அளந்தார். முப்பத்தாறு.

"பட்டறையிலேர்ந்து ஆவடிக் கேட்டுக்கு மீட்டர்ல எட்டு. கல்லை எண்ணினா ஒன்பது. வேணும்னா நீங்களே நடந்து எண்ணுங்க."

அவர் நடக்க வேண்டியிருக்கவில்லை. அங்குலக் கணக்கு அவருக்கு மனப்பாடம். முப்பத்திரண்டுக்கு முப்பத்தாறு என்றால் எட்டுக்கு ஒன்பது. டேப்பைச் சுருட்டினார். மரம் அறுத்துக்கொண்டிருந்த தச்சர் நிமிர்ந்து, "மொதலாளி, அப்போ டயரத்தான் போலீஸ்ல புட்ச்சிக் குடுக்கணும்" என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள். முதலாளிக்குக் காது சிவந்துவிட்டது.

"சரி சரி, வேலையப் பாருங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "போய் மூஞ்ச கயுவிகினு வா. பன்னண்டு மணிக்கு லோடு கீது."

"ஆறு பேர் முன்னாடி சொன்னீங்க. அதே ஆறு பேர் முன்னாடி இல்லைன்னு சொல்லிடுங்க."

"அதான் சிரிச்சிட்டானுங்களே, அப்பால இன்னா?"

அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. "அண்ணனூர்க்காரரும் எடுக்கலை. பின் பிரேக் பிடிச்சிருந்தது. ஸ்பிரிங் ஒடிஞ்சிருந்தது. நான்தான் மாத்தினேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எட்டு மாசமா வாயில கொயுக்கட்டையா வச்சிருந்தே? அவன நான் அனுப்பினது தப்புன்னா, உன்ன வச்சதும் தப்புதானே?"

பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "காலைல வா. கோவம் தணிஞ்சதும் வா" என்று பின்னால் கத்தினார். கெட்ட மனுஷர் இல்லை. தன் வாயால் தப்பு என்று சொல்ல மாட்டார், அவ்வளவுதான்.

அண்ணனூரில் விசாரித்துக் கண்டுபிடிக்க மதியமாகிவிட்டது. மின்சார ரயில் பணிமனைக்குப் பின்னால் ஓடு போட்ட வீடு. அவர் வாசலில் உட்கார்ந்து உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரிலேயே நின்று தோல் வெளுத்திருந்தது. யார் என்று சொன்னேன். வண்டியின் பேரைக் கேட்டதும் துப்பினார்.

"நீதான் அஞ்சு கொண்டாந்த ஆளா?"

"அண்ணாத்தே, பின்பிரேக்ல ஸ்பிரிங் ஒடிஞ்சிருந்தது. நான் மாத்தினேன். முதலாளிகிட்ட அப்பவே சொல்லலை. இன்னிக்குத்தான் சொன்னேன்."

"இன்னிக்கு எதுக்குச் சொன்னே?"

"இன்னிக்கு என்னையும் திருடன்னுட்டாரு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பார்த்து, "இந்தாம்மே, இங்க வந்து பாரு, எனக்குத் தம்பி பொறந்துகீறான்" என்றார். அவர் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "சோறு துன்னியா?" என்று மட்டும் கேட்டார். கூழும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார்.

சாப்பிடும்போது அவர் சொன்னார்: "பிரேக்கு இயுக்குதுன்னு எனக்கும் தெரியும் மாமே. மூணு தபா சொன்னேன். செலவு வைக்கப் பாக்குறியான்னாரு. வுட்டுட்டேன். நீ கேக்காம மாத்திகீறே, நானும் மாத்தியிருக்கலாம்." உள்ளங்காலை மறுபடி தேய்த்தபடி, "ஒரே ஒரு தபா எடுத்தேன். என் மச்சான் ஸ்கூட்டருக்கு, அரை லிட்டரு. மத்ததெல்லாம் அந்த பிரேக்கு குடிச்சது."

நான் ஏன் எட்டு மாதம் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்க வந்தவன் கூழைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு அந்த வண்டிக்குப் போறியா?"

"போனா நாளைக்கு வேற ஒண்ணு குறையும்."

"அப்போ காலைல அஞ்சுக்கு எங்கூட வா. ஆள் கேட்டுகினு கீறாங்க."

மறுநாள் விடியும்போது பணிமனை வாசலில் நின்றோம். ரயில் பெட்டி கழுவும் வேலை, ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "முன்ன இன்னா வேல?" என்றார்.

"லாரி டிரைவர்."

"ஏன் வுட்டே?"

அண்ணனூர்க்காரர் முழங்கையால் இடித்தார். ஏதாவது பொய் சொல் என்று அர்த்தம். எனக்கு மறைத்ததெல்லாம் போதும் என்றிருந்தது.

"பெட்ரோல் திருடினேன்னு சொன்னாங்க. நான் எடுக்கலை."

கான்ட்ராக்டர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உன்னையுமா? இன்னாய்யா, அங்கேர்ந்து வர்றவன்லாம் பெட்ரோல் கேஸாவே வர்றீங்க?" என்று சிரித்தார். "இங்க தண்ணிதான் கீது. வேணுங்கிற அளவு எடுத்துகினு போ."

நீளக் கொம்பு வைத்த பிரஷ் ஒன்றும் பக்கெட்டும் கொடுத்தார்கள். அன்று என் பங்கு மூன்று பெட்டிகள். அண்ணனூர்க்காரர் ஜன்னல் பக்கம், நான் கீழ்ப்பக்கம்.