ராக்கெட்டுக்கு ஒட்டுப் போட்ட கதை

தையல் மெஷின் வைத்திருப்பவளிடம் கிழிந்தது எதுவானாலும் கொண்டுவந்து நீட்டலாம் என்பது எங்கள் டவுன்ஷிப்பில் எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. குடை, கொசுவலை, ஸ்கூட்டர் சீட் எல்லாம் பார்த்தாச்சு. என்னைப் போல மெஷின் மிதித்தே முழங்கால் தேய்ந்த உங்களுக்கும் இது தெரிந்ததுதான். ஆனால் ராக்கெட் வந்திருக்காது.

பெட்டியில் வந்தது

பக்கத்து பிளாக் மாணிக்கம் சார் திருநெல்வேலிக்காரர். கம்பெனி ஸ்டோர்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். மாசக் கடைசியில் குவார்ட்டர்ஸ் சாவியை ஒப்படைத்துவிட்டு ஊருக்குக் கிளம்பணும். பரண் மேலிருந்த மூன்று ராக்கெட்டை அட்டைப்பெட்டியில் கொண்டுவந்தார். தீபாவளி ராக்கெட் இல்லை. முழங்கை நீள அட்டைக் குழாய், மர மூக்கு, வால்பக்கம் மூன்று இறக்கை, வயிற்றுக்குள் மடித்து வைத்த குட்டி பாராசூட். மருந்து வைத்தால் மேலே போய், பாராசூட்டில் இறங்குமாம். இளவயசில் அவரே செய்தது. இப்போது பாதியை எலி தின்றிருந்தது, மீதியைக் கரையான்.

"இதுக்கு மேல என்னா சார் பண்றது, வீசிட வேண்டியதுதானே?" என்றேன். கூட வந்த அவர் வீட்டம்மா முந்திக்கொண்டார். "ஒண்ணாவது பறக்கட்டும், கொண்டுபோவோம். பறக்காத சாமானை லாரில ஏத்த விடமாட்டேன், பாத்துக்கிடுங்க."

எலாஸ்டிக்

மூன்றையும் பிரித்து ஒன்றாக்கினோம். நசுங்கின இடத்தில், லைனிங் துணி சுற்றிவரும் அட்டைக் குழாயை நறுக்கிச் சொருகினேன். ஒடிந்த இறக்கைக்குச் சட்டைக் காலர் கேன்வாஸ் வைத்து இஸ்திரி போட்டேன். தலையையும் உடம்பையும் சேர்க்கிற ரப்பர் தொட்டதும் ரஸ்க் மாதிரி உதிர்ந்தது.

"இது எதுக்கு சார்?"

"மேல போனதும் தலை தெறிச்சுக் கழண்டுக்கிடும். அப்பதான் பாராசூட் வெளிய வரும். தலை எங்கயும் போயிராம இது புடிச்சுக்கிடும்."

பள்ளிக்கூடப் பாவாடைக்கு வைக்கும் எலாஸ்டிக்கில் இரண்டு முழம் வெட்டிக் கட்டினேன். என்னிடம் பட்டனுக்குக் காஜா எடுக்கிற விஜயா, ஊசியை நிறுத்தாமலே சொன்னாள்: "எங்க வூட்டுக்காரருக்குக் கோவம் வந்தாலும் தலை தனியாதான் போவும். அப்படியே எனக்கும் ரெண்டு முழம் வெட்டுக்கா."

படித்த எலி

பாராசூட் சிவப்பு, குடைத்துணி போல மெல்லிசு. ஓரமெல்லாம் எலிக்கடி. நடுவிலும் காசு அளவுக்கு ஒரு ஓட்டை, சுற்றிலும் நூல் பிரிந்திருந்தது. எல்லாவற்றையும் அடைத்தேன். நடு ஒட்டு, எனக்கே கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு வந்திருந்தது. அந்தப் பெருமையில் மடித்து உள்ளே வைத்தே கொடுத்துவிட்டேன். சாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

நான் தைக்கும்போதே விஜயா எட்டிப் பார்த்தாள். "மத்த எடமெல்லாம் தாறுமாறா கடிச்சிகினு போயிருக்கு, நடுவுல மட்டும் வட்டமா கடிச்சிருக்குதே. படிச்ச எலி போலக்கா."

வேலிக்கு அந்தப் பக்கம்

ஞாயிறு காலை கிரவுண்டில் சார் மருந்து ஏற்றினார். சர்ரென்று போனது, தலை கழன்றது, சிவப்பாக விரிந்தது. வீட்டம்மாவே கைதட்டிவிட்டார். ஆனால் இறங்குவேனா என்றது. மிதந்துகினே போய், வேலி தாண்டி, கான்ட்ராக்டர் சாமான் போட்டுவைக்கிற ஸ்டோர் யார்டுக்குள் விழுந்தது.

"நடுவுல ஒரு ஓட்டை இருந்துச்சே?" என்றார் சார்.

"அடைச்சிட்டேன் சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். காற்று அந்த வழியாக வெளியேறினால்தான் சட்டென்று, நேராக இறங்குமாம். எனக்கு நிற்கவே கூசியது. மறுநாள் காலை லாரி.

கேட்டில் காவலர் ராக்கெட்டை மேசைமேல் வைத்திருந்தார், தரவில்லை. "உள்ள வந்ததுக்கு என்ட்ரி இல்ல சார். என்ட்ரி இல்லாத பொருளுக்கு வெளிய போக பாஸ் எப்படிப் போடறது?" ஆயுசெல்லாம் ஸ்டோர்ஸில் இருந்த மனுஷன், "ரூல்படி அவர் சொல்றது சரிதான்" என்று திரும்பிவிட்டார். வீட்டம்மா நகரவில்லை. "என்ட்ரி இல்லாத பொருள் உங்க மேசைக்கு எப்படி வந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, போயிருதேன்." காவலர் நோட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ராக்கெட்டை ஜன்னல் வழியாக நீட்டிவிட்டார்.

மறுநாள் சாமான் ஏற்றும்போது வழியனுப்பப் போயிருந்தேன். சார் ராக்கெட்டோடு லாரிப் பக்கம் நடந்தார். வீட்டம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். "அதுல போட்டா நசுங்கிப்போகும். கார்ல எம் பக்கத்துல வைங்க."

இப்போதெல்லாம் யார் கிழிசலோடு வந்தாலும், இது தானாகக் கிழிந்ததா, நீங்களே வெட்டினதா என்று கேட்டுக்கொண்டுதான் ஊசியில் நூல் கோக்கிறேன்.