கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற அரசப்பன்

அரசப்பனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. இருந்தும் எழுதுகிறேன். வேறு யாராவது எழுதினால் நான் செய்ததை விட்டுவிடுவார்கள்.

மரக்காணம் உப்பளத்துக் கூலியாள் அவர். அவருடைய அக்காவைப் பெரிய முதலியார்சாவடியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அங்கே போகவர இருந்தபோது கடற்கரை மணலில் பந்தாட்டம் பழகினார். பிறகு புதுச்சேரியில் ஒரு மில் அணிக்காக ஆறு வருஷம் பின்வரிசையில் பேக் ஆடினார். முழங்கால் போனதும் அணியும் போயிற்று, வேலையும் போயிற்று. திரும்பவும் உப்பு வார வந்துவிட்டார். எங்கள் கல்லூரி மைதானத்துக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

அது எழுபத்து மூன்றாம் வருஷம், மார்கழி. அதற்கு முந்தைய தொடரில் மூன்றே ஆட்டத்தில் பதினொரு கோல் வாங்கியிருந்தோம். கோல்கீப்பர் வேறு யார்? இடையஞ்சாவடி பஞ்சநாதன், நான்தான். கேன்டீன் பக்கம் தலைகாட்ட முடியாது. "வாய்யா பதினொண்ணு" என்பான்கள். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். அப்படிக் கூப்பிட்ட இரண்டு பேரை அடித்தும் இருக்கிறேன்.

எங்கள் பி.டி. சார் தட்சணாமூர்த்தி ஓட்டப்பந்தயக்காரர். தடுப்பாட்டம் அவருக்குப் பிடிபடவே இல்லை. "பின்னாடி நாலு பேரையும் கோலியையும் இனிமே அரசப்பன் பாத்துக்குவாரு" என்று ஒருநாள் அவரைக் கொண்டுவந்து நிறுத்தினார். உப்பு வாருகிறவனா டிபென்ஸ் சொல்லித்தரப் போகிறான் என்று கல்லூரியே சிரித்தது. முதல்வர் மட்டும் சிரிக்காமல் ஒரு வாக்குக் கொடுத்தார்.

"தொடர் முழுக்க ரெண்டு கோலுக்கு மேல வுழாம நிறுத்திடு. மார்க்கர் வேலை ஒனக்குத்தான்."

மைதானத்தைக் கவனித்துச் சுண்ணாம்புக் கோடு போடுகிற நிரந்தர வேலை அது. வேலை கைக்கு வருவதற்கு முன்னாலேயே அரசப்பன் கயிறு கட்டிக் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். "மழைத்தண்ணி வந்து ஒரு வரப்பு ஒடைஞ்சா, அங்க போயி நின்னு அழுவக் கூடாது. ஒடைஞ்சத வுட்டுட்டு அடுத்த பாத்தி மடைய அடைக்கணும். ஒருத்தன் ஏமாந்தா அவனத் திட்டிக்கினு நிக்காதீங்க. அடுத்த எடத்த அடைங்க. வாயத் தொறந்து கத்துங்க." பந்து இருக்கிற இடத்துக்கு நாலு பேரும் விழுந்தடித்து ஓடிய எங்கள் பின்வரிசை, ஒரு மாதத்தில் ஆளுக்கொரு இடமாக நிற்கக் கற்றுக்கொண்டது.

தை மாதத்தில் ஒரு மத்தியானம் வெறுங்காலோடு அவர் எதிரே போய் நின்றேன். பத்தடி தூரம்கூட இல்லை. என் முகத்தைப் பார்த்தபடியே சும்மா இருந்தார். நான் இருமியதும், "யாரு, கோலியா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அண்ணே, கண்ணு தெரியலியா?"

"நெழலு மாதிரி தெரியுதுப்பா. பத்து வருசமா உப்பு வெள்ளையப் பாத்துக்கினு இருக்கேன். உப்பளத்த வுட்டு வெளிய வந்துட்டா இருக்கற பார்வையாவது நிக்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மார்க்கர் வேலைய வுட்டா எனக்கு வேற வழியில்ல. பி.டி. சார் கிட்ட சொல்லிடாதப்பா."

"எங்கம்மா மேல சத்தியமா சொல்ல மாட்டேண்ணே" என்றேன்.

அப்போதுதான் புரிந்தது. அவர் எங்கள் ஆட்டத்தைக் காதால் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தமும் எங்கள் கூச்சலும் போதும் அவருக்கு. வாயைத் திறந்து கத்தச் சொன்னது எங்களுக்காக மட்டும் இல்லை.

மாசியில் தொடர் தொடங்கியது. முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கோல்கூட விழவில்லை. அரையிறுதியில் இரண்டுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். எதிரணி ஆள் ஒருவன் தனியாக வந்தான். கோலுக்குப் பின்னாலிருந்து அரசப்பன், "கோலி, நில்லு! வெளிய வராத!" என்று கத்தினார். நான் பெரிய சூரன் மாதிரி பாய்ந்து போனேன். அவன் பந்தை என் தலைக்கு மேல் தூக்கி உள்ளே போட்டான்.

ஜெயித்துவிட்டோம்தான். ஆனாலும் எல்லார் முன்னாலும் பி.டி. சார் என்னைப் பிடித்துக்கொண்டார். முதல்வரும் பக்கத்தில் நின்றார்.

"டேய், அரசப்பன் நில்லுன்னு கத்தினாரே, ஒனக்குக் காது கேக்கலையா?"

யாரோ ஒருவன், "பதினொண்ணு இப்ப பன்னெண்டு" என்றான். பாழாய்ப்போன கோபம்.

"அவரு எதப் பாத்து சார் கத்தினாரு? அவருக்குத்தான் கண்ணே தெரியாதே!"

பி.டி. சார் மெதுவாக இரண்டு விரலை நீட்டினார். "அரசப்பா, இது எத்தன?"

"வெயில் கண்ணுல அடிக்குது சார்" என்றார் அரசப்பன். வெயில் அவர் முதுகுப் பக்கம் இருந்தது.

"கண்ணு தெரியாத ஆளு எப்படிய்யா கோடு போடுவான்?" என்றார் முதல்வர். அரசப்பன் போட்ட நேர்கோட்டின் மேல்தான் முதல்வர் நின்றுகொண்டிருந்தார்.

வேலை இல்லை என்று மறுநாளே சொல்லிவிட்டார்கள். என்றாலும் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்துக்கு அரசப்பன் வந்தார். எனக்குப் பின்னால், அதே இடத்தில் நின்றார். "சோத்தாங்கை பக்கம் ரெண்டு பேரு. அடுத்தத அடை. கோலி, நில்லு." நின்றேன். தொண்ணூறு நிமிஷமும் அவர் சொன்ன இடத்தில் நின்றேன். ஒன்றுக்குப் பூஜ்யம். தொடர் முழுக்க எங்களுக்கு விழுந்தது ஒரே கோல். எனக்கு மாலை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன்.

பதினைந்து நாள் கழித்து மரக்காணம் போனேன். உச்சி வெயில். பாத்திக்குள் இறங்கிப் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். என்னால் அந்த வெள்ளையைக் கண் திறந்து பார்க்க முடியவில்லை. வரப்பில் நான் நடந்த சத்தத்தைக் கேட்டே, "கோலியா? வாப்பா" என்றார்.

"மன்னிச்சிடுங்கண்ணே." அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

"ஒடைஞ்சத வுடுப்பா. ஒரு கோலுதான வாங்குனோம், நல்லாத்தான ஆடுனீங்க."

அவர் மனைவி வேலம்மாள் தலையிலிருந்த உப்புக் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீதானா அது? 'கோலிக்குத் தெரிஞ்சிபோச்சி, ஆனா அவன் நல்ல புள்ள, சொல்ல மாட்டான்'னு சிரிச்சிக்கினே வந்து சொன்னாரு இந்த மனுசன். இன்னும் ஒரே ஒரு ஆட்டம். அதுவரைக்கும் வாய மூடிக்கினு இருந்திருந்தா ஒனக்கு இன்னாப்பா கொறஞ்சிருக்கும்?"

அரசப்பன் அவளை அதட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பலகையை இழுத்துக்கொண்டே பாத்தியின் மறுகோடிக்குப் போய்விட்டார்.