அய்யம்பாளையத்தில் தோற்ற என் ஃபோர்ஹேண்ட்

இன்று அய்யம்பாளையத்தில் என் மனைவியிடம் டென்னிஸ் தோற்றேன்!

(சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.)

கொடைக்கானலில் பி.டி. டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். முழங்கால் வலிக்குக் குளிர் ஆகாது, மழை முடியும்வரை அடிவாரத்தில் தம்பி வீட்டில் இருக்கிறேன் என்று மலையிறங்கினாள்.

மழை எப்போதோ முடிந்துவிட்டது. ஆள் வரவில்லை.

நான் பெருமாள்மலையில் பழக்கடையோடு கிடக்கிறேன். பழக்கதோஷத்தில் இரண்டு பேருக்கு டீ போட்டு, இரண்டையும் நானே குடிக்கிறேன்.

அதனால் பந்தயம் பேசினேன். நான் ஜெயித்தால் அவள் என்னோடு மேலே வர வேண்டும்.

"தோத்தா நீங்க கீழ வந்திரணும்" என்றாள்.

"நான் தோக்கிறதா? என் ஃபோர்ஹேண்டுக்கு மலையே ஒதுங்கி வழிவிடும் டீச்சர்!"

"அதான் போன மழைக்கு ரோட்டுல மண்ணு சரிஞ்சு கெடந்துச்சா?"

ஊருக்கு வெளியே அணைக்குப் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் ஒரு மண் கோர்ட். நடுவர் அவள் தம்பி. (நியாயம் எப்படி இருந்திருக்கும், பாருங்கள்!)

மலைக்காற்று லேசு. அங்கே பந்து குத்தினால் தோளுக்கு எழும்பும். மட்டையை உயரத் தூக்கிக் காத்திருப்பது என் ரத்தத்தில் ஊறியது. இங்கும் தூக்கினேன்.

பந்து இடுப்புயரத்தில் அமைதியாகக் கடந்து போனது!

மட்டை கிளப்பிய சூறாவளியில் தோப்பில் பாதித் தேங்காய் உதிர்ந்திருக்கும்.

"மச்சான், பந்து கீழ போகுது. மேல யாருக்கு டாட்டா காட்டுறீங்க?" என்றான் நடுவர்.

பிறகு மட்டையைத் தாழ இறக்கி, கீழிருந்து மேலே வாரி அடித்துச் சமன் செய்தேன்.

கடைசி கேமில் ஒரு சூது தோன்றியது. கணுக்காலுயரப் பந்துக்கு முதுகை வளைத்தால் போதாது, முழங்கால் மடங்க வேண்டும். போன மார்கழியில் கட்டிலை விட்டு எழுவதற்கே என் தோளைப் பிடித்தவள் அவள்.

வெட்கமே இல்லாமல் தாழ வெட்டிப் போட்டேன்.

ஓடி வந்தாள். முட்டி மண்ணைத் தொடும் அளவுக்கு மடங்கினாள். ஒரே வீச்சு.

பந்து என் பக்கத்தில்தான் வந்தது. நான் அசையவில்லை.

அவள் எதையும் பிடிக்காமல் எழுந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஏங்க, எட்டுற பந்துதான? ஏன் விட்டீங்க?"

"வெயிலு கண்ணுல அடிச்சிருச்சு."

"மேகமால்ல கெடக்கு!"

அதோடு ஆட்டம் முடிந்தது.

பஸ் ஜன்னலோரம் வந்து நின்றாள். "பந்தயமெல்லாம் சும்மாங்க. வெள்ளனே கடை தெறக்கணும்ல? ஸ்வெட்டரப் போட்டுக்கங்க. ஞாயித்துக்கெழம வருவீங்கல்ல?"

தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவேன்.

இப்போது வளைவுகளில் ஏறிக்கொண்டே இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, பெருமாள்மலை ஜங்ஷனில் ஓடிக்கொண்டிருக்கும் பழக்கடை ஒன்று கைமாறக் காத்திருக்கிறது. உலகப் புகழ் பெற்றது! யாருக்காவது வேண்டுமா?

(குளிர் இலவசம்.)