யானைக்காலுக்கு டி.பி. தேவலையாம்!

நேற்று ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ‘ஈசினோபில்’ என்ற சொல்லைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்!

(சீட்டைக் கொடுத்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.)

எனக்கும் ஈசினோபிலுக்கும் பழைய பழக்கம்.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. வீடு காரைக்கால் பக்கம் குரும்பகரத்தில். பூவத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை மருத்துவச் சான்றிதழோடு போய்ச் சேர வேண்டும்.

எனக்கோ இரண்டு மாதமாக இருமல்! எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் பொடிப்பொடிப் புள்ளிகள்.

டி.பி. என்றால் வேலை போயிற்று.

அம்மா என் தட்டையும் டம்ளரையும் தனியே வைத்தாள். டி.பி.யாக இருக்கக் கூடாது என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள்.

காரைக்காலில் ஒரு பெண் டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு அம்மாவிடம் சொன்னார்:

“டி.பி. இல்லம்மா. ஈசினோபில்தான் எக்கச்சக்கமா ஏறிக் கிடக்கு.”

“அது என்னங்க டாக்டரம்மா, கிருமிங்களா?”

“நம்ம ஆளுங்கதான். வெள்ளை அணுல ஒரு வகை. உள்ள புழு வந்தா அடிக்கப் போற கூட்டம். கொசு கடிச்சு இவ உடம்புல புழு போயிருக்கு. அதோட குட்டிங்க நுரையீரல்ல மாட்டிக்கிட்டுச் சாவுது. இவனுங்க அப்பவும் விடல. புழுவைக் கொல்ல வச்சிருக்கிற விஷத்தை நுரையீரல்லயே கொட்டிக்கிட்டு நிக்கிறானுங்க. இருமல் புழுவால வந்ததவிட இவனுங்க பண்ற ரகளையால வந்ததுதான் அதிகம்.”

(எனக்கு எங்கள் உறவினர்கள் நினைவுக்கு வந்தார்கள்.)

“என்ன புழுங்க?”

“யானைக்கால் புழு.”

அம்மா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்!

“டாக்டரம்மா, தலத்தெருவுலேருந்து இவளைப் பொண்ணு பாத்துட்டுப் போயிருக்காங்க. டி.பி.ன்னே எழுதிடுங்க.”

“வேலை போயிடும்மா!”

“போனா போவுது. டி.பி. ஊசி போட்டா ஆறிடும். யானைக்கால்னா தலைமுறைக்கும் பேரு.”

“இதுல காலு வீங்காதும்மா. மூணு வாரம் மாத்திரை சாப்புட்டா சரியாயிடும்.”

“வீங்காதுன்னு ஊர்ல யாருங்க போயி தண்டோரா போடறது?”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“டாக்டர், உள்ளதை எழுதுங்க. திங்கக்கிழம நான் கொண்டு போவணும்.”

“ஏண்டி, வெக்கமா இல்ல ஒனக்கு?”

“இருமலாத்தாம்மா இருக்கு.”

ஊர் திரும்பியதும், “யாருகிட்டயும் சொல்லிடாதீங்க” என்று அம்மாவே நான்கு பேரிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் உறவு முழுக்க வந்து இறங்கியது. இருமலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் என் கால்களையே பார்த்தார்கள்!

தலத்தெருவிலிருந்து அப்புறம் பேச்சே இல்லை.

திங்கட்கிழமை தலைமையாசிரியை என் சான்றிதழை இரண்டு முறை படித்தார்.

கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஏம்மா, எனக்கும் ஆறு மாசமா இதே இருமல்தான். ஆஸ்துமான்னு சொல்லி வச்சிருக்கேன். அந்த டாக்டர் வெளிய சொல்லமாட்டாங்கல்ல?”

“டாக்டர் சொல்லமாட்டாங்க டீச்சர். எங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.”

மூன்றே வாரத்தில் என் இருமல் நின்றது. புழுவும் ஓய்ந்தது, அடிக்கப் போன கூட்டமும் ஓய்ந்தது.

உறவினர்களுக்குத்தான் இன்னும் மாத்திரை வரவில்லை!

உங்கள் வீட்டில் எந்த நோய்க்கு எந்த நோயின் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறார்கள்?