பத்து செகண்டு முஸ்லிம் பொண்ணு

தாடைக்குக் கீழ அவ விரல் பட்டப்போ சில்லுன்னு இருந்துச்சு. வாயில நாலு ஊக்கைக் கடிச்சுப் பிடிச்சிருந்தா... தலையில வெச்ச மல்லிப்பூ என் மூக்குக்கிட்டயே மணத்துச்சு.

"ஆடாம நில்லு கண்ணு, குத்திப்போடும்."

அவ பேரு ஷமீமா. எனக்கு கறுப்பு பர்தா மாட்டி விட்டுட்டு இருந்தா. நானோ தொண்டாமுத்தூர் தோட்டத்து வீட்டுப் பொண்ணு, வெள்ளிக்கிழமைன்னா மாரியம்மன் கோயிலுக்குப் போறவ. அது எப்படி என் தலைக்கு வந்துச்சுன்னு சொல்லிடறேன்... ரொம்ப வருஷமா உறுத்திட்டே இருக்கு.

காந்திபுரத்துல ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில எங்க விளம்பர ஆபீஸ். லோக்கல் கேபிள் டிவிக்கு விளம்பரம் எடுப்போம். நான் ஸ்கிரிப்ட் எழுதறவ, ஷமீமா டிடிபி, எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கறவ. கோட்டைமேட்டுல இருந்து டவுன் பஸ்ல வருவா. ரெண்டு வருஷம் மதியச் சாப்பாடு ஒண்ணாத்தான். என் அரிசிம்பருப்பு சாதம் அவளுக்கு, அவங்கம்மா வெச்ச முட்டைக் குழம்பு எனக்கு.

ஒரு பட்டுச்சேலை கடைக்கு கல்யாண சீசன் விளம்பரம் வந்துச்சு. மூணு மதத்துப் பொண்ணுகளும் சேர்ந்து நின்னு சிரிக்கணும். நான் என்ன எழுதினேன்னு இப்ப நெனச்சாலும் கூசுது.

ஹிந்துப் பொண்ணுன்னா குனிஞ்ச தலை, நெத்தி நிறைய குங்குமம். கிறிஸ்டியன் பொண்ணுக்கு கழுத்துல இத்தாம்பெரிய சிலுவை. முஸ்லிம் பொண்ணுக்கு கறுப்பு பர்தா, கண்ணு நிறைய மை, அப்புறம் ஒரு வசனம்... "மாஷா அல்லா! நம்ம நிக்காவுக்கும் இந்தப் பட்டு தான் வேணும் பாய்!"

அதை டைப் அடிச்சதே ஷமீமா தான். "இப்படி யாரு கண்ணு பேசறாங்க?"ன்னு சிரிச்சா. "விளம்பரம் தானே, விடு"ன்னேன். என்னை விடச் சுத்தமா கோயமுத்தூர் பாஷை பேசறவ பக்கத்து சீட்டுலயே இருக்கா. அவளைப் பாக்காம, சினிமாவுல பாத்தவளை எழுதி வெச்சிருந்தேன்.

மாடலுக்கு பட்ஜெட் இல்ல, ஆபீஸ் பொண்ணுங்களே நடிக்கறதுன்னு முடிவாச்சு. ஷமீமாவுக்குத் தலைகால் புரியல. "எம்புள்ள டிவில வருதுங்க"ன்னு அவங்கம்மா தெரு முழுக்கச் சொல்லியாச்சு.

பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்பு பங்களாவுல ஷூட்டிங். ஷமீமா வேன்ல இருந்து இறங்கினா... அவங்கம்மாவோட கல்யாணப் பட்டு, மெரூன் கலர். முந்தானை தலையில, ஓரத்துல மல்லிப்பூ. அவ்வளவு அழகு.

அன்னைக்கு மட்டும் வந்திருந்த டைரக்டர் அவளைத் தாண்டி வேனுக்குள்ள எட்டிப் பாத்தார்.

"முஸ்லிம் பொண்ணு இன்னும் வரலியா?"

"நான் தானுங்க சார்."

"பாத்தா நம்ம ஊட்டுப் புள்ள மாதிரியே இருக்கற... ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க ஊட்டுக் கல்யாணத்துல இப்படித்தானுங்க சார் கட்டுவோம்."

"அது உங்க ஊட்டுல அம்மணி. இங்க பத்து செகண்டு தான். பாத்ததும் புரியணும்." பர்தாவை எடுத்து நீட்டினார்.

அவ வாங்கிக்கிட்டா. வாங்கிட்டு மெதுவா, "போட்டுக்கறனுங்க... ஆனா சேலை விளம்பரத்துல சேலையே தெரியாதுங்களே சார்?"ன்னு கேட்டா.

லைட் பிடிச்சவர் சிரிச்சுட்டார். டைரக்டருக்கு மூஞ்சி செவந்துருச்சு. "உன் மூஞ்சில அந்தக் களையே இல்ல"ன்னுட்டு என் பக்கம் திரும்பினார். "உனக்குக் கண்ணு பெருசு. நீ போட்டுக்க."

நான் மாட்டேன்னு சொல்லல.

வேலை போயிரும்னு பயந்தேன்னு ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிட்டு இருந்தேன். பொய். டிவில வரணும்னு எனக்கும் ஆசை, அவ்வளவு தான்.

ஷமீமாவைப் பின்னாடி கூட்டத்துல நிக்கச் சொல்லி ஒரு ஸ்டிக்கர் பொட்டை நீட்டினாங்க. "வேண்டாமுங்க"ன்னு ஒதுங்கிட்டா. எனக்கு முக்காடு நிக்காம நழுவிட்டே இருந்துச்சு. ஒதுங்கி நின்னவ தான் ஊக்கோட வந்தா.

விளம்பரம் ஒரு மாசம் ஓடுச்சு. "உன்ற ஃப்ரெண்டு ஏன் இப்படிப் பேசுதுன்னு அம்மா கேட்டாங்க"ன்னு ஒரு நாள் சொன்னா. சிரிச்சுட்டே தான் சொன்னா. ஆனா அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் முன்னாடியே தனியா சாப்பிட ஆரம்பிச்சுட்டா. 'கண்ணு'ங்கறதும் நின்னு போச்சு. அடுத்த வருஷம் கல்யாணம் ஆகி ஈரோடு போயிட்டா. நானும் ஒரு வார்த்தை மன்னிப்பு கேக்கல.

போன வாரம், சரவணம்பட்டியில காலேஜ் படிக்கற என் பொண்ணு போனை நீட்டினா. "எங்க சீனியர்ம்மா, பழைய சேலைகளைப் பத்தி வீடியோ போடுவாங்க."

ஸ்கார்ஃப் கட்டின பொண்ணு, மளமளன்னு பேசுது. கேமரா அப்படியே அவங்கம்மா பக்கம் திரும்புது... மெரூன் பட்டு. தலையில முந்தானை, ஓரத்துல ரெண்டு நரை. "ஆடாமப் புடி கண்ணு"ன்னு பொண்ணை அதட்டறா.

ஷமீமா! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

கீழ கமெண்ட்ல ஒருத்தர், "தமிழ் சூப்பரா பேசறீங்களே, எந்த ஊரு?" அந்தப் பொண்ணு சளைக்காம, "பூர்வீகம் கோயமுத்தூருங்க. நீங்க எந்த ஊருங்க?"

அப்ப பத்து செகண்டை யாராவது குடுத்தாத்தான் உண்டு. இப்ப கேமரா அவங்க கையில. பிடிச்ச சேலையைக் கட்டிட்டு வேணுங்கற நேரம் நிக்கலாம். அந்த மட்டுக்கு சந்தோஷம். ஆனா நேத்து பாத்த வெப் சீரிஸ்லயும் முஸ்லிம் பொண்ணு வர்றதுக்கு முன்னாடியே சாம்பிராணிப் புகை வந்துருச்சு... என்னை மாதிரி ஒருத்தி தான் எழுதியிருப்பா.

அந்த வீடியோவுக்குக் கீழ என்னென்னவோ டைப் பண்ணி அழிச்சேன். கடைசியில என் பேரைப் போட்டு ஒரு வரி தான் எழுதினேன். "அன்னைக்கு நான் மாட்டேன்னு சொல்லியிருக்கணும் ஷமீமா."

'பரவால்ல விடு'ன்னு சொல்லுவான்னு நெனச்சேன்.

மறுநாள் காலையில பதில் வந்திருந்துச்சு.

"ஆமா கண்ணு. சொல்லியிருக்கணும்."