ஏழுமலை போன தெரு

கார்கில் சண்டை நடந்த வருஷம், ஆனி மாதத்தில் என் தம்பி ஏழுமலை போய்விட்டான். கல்யாண வயசுகூட ஆகவில்லை. பனிமலையில் குண்டு பட்டு இறந்தான் என்று கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு போலீஸ்காரர் வந்து சொன்னார். அம்மா அப்படியே சாய்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நேராக எங்கள் தெரு மாரியம்மனிடம் போனேன். சண்டை தொடங்கியதிலிருந்து அவன் உயிருக்காகத் தினமும் விளக்கேற்றியவள் நான். "உனுக்குக் கண்ணு இல்லயா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டினேன். அன்று விளக்கேற்றவில்லை.

அம்மனை நம்புகிறவர்களிடம் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் நடந்ததை நடந்தபடி சொன்னால்தான் அது சாட்சி.

ஏழுமலை கரும்பு வெட்டப் போன பையன். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கரியாலூர் போகும் மலை ரோட்டில் ஓடிப் பழகினான். "பஸ்ஸே இங்க மூச்சு வாங்குது, நீ இன்னாத்துக்குடா ஓடற?" என்று கிண்டல் செய்வேன். "பஸ்ஸ பட்டாளத்துல எடுக்க மாட்டாங்கக்கா" என்பான். முதல் லீவில் யூனிபாரத்தோடு வந்து இறங்கியபோது எங்கள் தெருவே நிமிர்ந்து நின்றது.

உடல் வருகிறது என்று தெரிந்ததும் வேறொரு கவலை பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் யார் செத்தாலும் ஊர்த் தெரு வழியாக எடுத்துப் போகக் கூடாது. கழனி வரப்பில்தான் சுடுகாட்டுக்குப் போக வேண்டும். காலங்காலமாக அதுதான் வழக்கம். ஒற்றை ஆள் நடக்கிற வரப்பு அது. பாடை தூக்குகிறவர்கள் சேற்றில் இறங்கித்தான் நடப்பார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுத்தவனும் அந்தச் சேற்றில்தான் போக வேண்டுமா? என் மனசு ஆறவில்லை.

அப்பா ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்குப் போகிறவர். "வம்பு வேணாம்மா. வரப்புலயே போயிடலாம்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாளைக்கும் அவர்கள் கழனியில்தானே அவர் நிற்க வேண்டும்?

திட்டிய வாயோடு மறுபடியும் அம்மனிடமே போனேன். வேறு யாரிடம் போவேன்? "உயிரத்தான் நீ குடுக்கல. எந்தம்பி தெரு வழியா போவணும். இத மட்டும் செய், தாயே" என்று கேட்டேன்.

மறுநாள் காலை பட்டாளத்து வண்டி வந்தது. கொடி போர்த்திய பெட்டியை எங்கள் வாசலில் இறக்கினார்கள். சடங்கெல்லாம் முடிந்து தூக்கும் நேரம். கூட வந்த சுபேதார், "எந்த வழி?" என்று கேட்டார். அப்பாவின் கை கழனிப் பக்கம் நீண்டது.

அப்போதுதான் ஊர் நாட்டாமையின் மனைவி நாலைந்து பெண்களோடு அங்கே வந்தார். அந்த அம்மாள் எங்கள் தெருவில் கால் வைத்து நான் பார்த்ததே இல்லை.

"புள்ள எந்தப் பக்கமா போவுது, கோவிந்தா?" என்று அப்பாவைக் கேட்டார்.

"வரப்பு வழியாதாம்மா."

"வேணாம். தெருவக் கழுவி வுட்டிருக்கோம். அப்பிடியே வாங்க."

அப்பா தயங்கினார். "ஐயா இன்னா சொல்வாரோ..."

"ஆம்பளைங்க காலையிலேர்ந்து பேசிக்கினேதான் இருக்காங்க. அவுங்க பேசி முடிக்கிறதுக்குள்ள பொழுது போயிடும். நீங்க வாங்க."

சாவு போனால் கதவைச் சாத்துகிற தெரு அது. அன்று வாசலுக்கு வாசல் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். சில ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் உண்மை. அம்மன் ஊர்வலத்தில் சாமி தூக்கி வருகிறவர்கள் காலில் மஞ்சளும் வேப்பிலையும் கலந்த தண்ணீர் ஊற்றுவோம் இல்லையா? அதே தண்ணீரை என் தம்பியைச் சுமந்தவர்கள் காலில் ஊற்றினார்கள். சிப்பாய்களின் பூட்ஸ் எல்லாம் நனைந்து போயின. அப்போதுதான் நான் அழுதேன். தலை குனியாமல் அழுதேன்.

அன்று சாயங்காலம் விளக்கேற்றினேன். அவனை ஏன் எடுத்துக்கொண்டாய் என்று இப்போதும் சில நாள் அம்மனிடம் சண்டை பிடிப்பேன். ஆனால் அவளை விட்டு விலகியதில்லை. நீங்களும் அவளிடம் கேளுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். பெற்றவள் அதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் யார் இறந்தாலும் ஊர்த் தெரு வழிதான். முதலில் முணுமுணுத்தவர்களிடம், "ஏழுமலை போன தெரு, நாங்களும் போவோம்" என்று எங்கள் பிள்ளைகள் சொன்னார்கள். போன வருஷம் அப்பா காலமானார். மகன் திறந்துவிட்ட வழியிலேயே அவரும் போனார்.