மணிக்கு இருபது ரூபாய் கொள்ளையா?

மணிக்கு இருபது ரூபாய் வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டரில் ஆன்லைன் கேம் ஆட விடுவது என் தொழில். அதைப் "பகல் கொள்ளை" என்று என் கட்டட ஓனருக்குக் கடிதம் போட்டவரே, கையெழுத்துப் போட மட்டும் ஏன் உங்களுக்குக் கை வரவில்லை? ஓனர் ரிட்டயர்டு அரசாங்க அதிகாரி. அமீர்பேட் கடையை மாதக் கடைசிக்குள் காலி செய் என்கிறார். பன்னிரண்டு கம்ப்யூட்டர், அத்தனையும் சிக்கந்தராபாத்தில் தொண்டை வறளப் பேரம் பேசி வாங்கியவை. வாடகைக் கடையில் பிழைப்பு நடத்துகிறவர்களே, உங்களுக்காவது என் வயிற்றெரிச்சல் புரியும்.

பதினாறு சாவு

கோச்சிங் கிளாஸுக்காக மதுரையிலிருந்து வந்து ஹாஸ்டலில் கிடந்த செந்தில், ஒரு மணி நேரம் துப்பாக்கிச் சண்டை ஆடிவிட்டு எழுந்தான். "பதினஞ்சு வச்சுக்கங்கண்ணே" என்றான். யாரிடம் பேரம்? "மல்ட்டிப்ளெக்ஸ்ல போய் நூறு ரூபா டிக்கெட்டை இப்படிக் கேளேன் பார்ப்போம்!" என்று நான் கத்தியதில் கடையே திரும்பிப் பார்த்தது. பையன் அசரவில்லை. விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டான். இன்னொரு ஐந்து ரூபாயை எடுத்து வைத்தான்.

"போன வாரம் நூறு ரூபா குடுத்து, இன்னொருத்தன் சண்டை போடுறதைப் பார்த்துட்டு வந்தேண்ணே. இங்க இருபது ரூபாய்க்கு நானே பதினாறு வாட்டி செத்திருக்கேன்!"

மீன் பிடிக்கிற டீம் லீடர்

திருநெல்வேலிக்காரர். சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீடர். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிடுவார். கேமில் மற்றவர்கள் கும்பலாக டிராகனை வெட்டப் போவார்கள். இவர் ஆற்றங்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பிடித்த மீனை விற்கவும் மாட்டார். இரண்டு மணி நேரம், நாற்பது ரூபாய். வந்த காசை வேண்டாம் என்று சொல்லிப் பழக்கமில்லாத எனக்கே மனசு கேட்கவில்லை. "சார், ஹுசைன்சாகர் ஏரிக்கரையில உட்கார்ந்தா இதே தண்ணி, இதே காத்து, சும்மாவே கிடைக்குமே" என்றேன். அவர் தூண்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்க போனா வீட்ல எல்லாரையும் கூட்டிட்டுல்லா போணும் அண்ணாச்சி! ஆட்டோ, படகு, ஐஸ்கிரீம்னு ஐநூறு ரூவா போயிரும்."

போலாரத்து அம்மா

மூன்று தலைமுறையாக இதே ஊர்ப் போலாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம்; பேச்சில் இந்த ஊர் உருது கலந்துவிட்டது. அந்த அம்மா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் புயல் மாதிரி நுழைந்தார். "காலேஜுக்குன்னு சொல்லிட்டு இங்க கைக்குடா, எதுக்குடா வந்தே?" மகன் திரும்பாமலே, "ரெண்டு நிமிஷாலு, அம்மா!" என்றான் தெலுங்கில். "நக்கோ, வேணாம், எழுந்திரு!" என்று சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். உடனே கூட ஆடிய நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஆன்லைன் ஆட்டத்தைப் பாதியில் நிறுத்த முடியாது; ஒருத்தன் எழுந்தால் அணியே காலி. அம்மா காலரை விடாமலே நின்றார். ஐந்து நிமிஷத்தில் ஜெயித்துவிட்டார்கள். முதலில் கை தட்டியது அம்மாதான்.

அப்புறம் என் பக்கம் திரும்பி ரேட் கேட்டார். சண்டைக்குத் தயாராகத்தான் இருபது என்றேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், அதற்குமேல் உட்கார விடக்கூடாது என்று கறாராகப் பேசி முடித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஹவ், ஆமா, கிரிக்கெட் பேட் வாங்கிக் குடுத்தேன், பக்கத்து வீட்டுக்கு ரெண்டு ஜன்னல் கண்ணாடி போட்டுக் குடுத்தேன். இதுல என்னண்ணா உடையும், நீங்களே சொல்லுங்க?"

ஓனர் இறங்கி வந்தார்

நேற்று ஓனரே அந்தக் கடிதத்தோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். எனக்குச் சுள்ளென்று ஏறியது. "ஒரு மணி நேரம் உட்காருங்க சார், அப்புறம் கொள்ளையா இல்லையான்னு சொல்லுங்க!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். எந்த நாட்டுக்காரனோ, முகம் தெரியாத ஒருத்தனோடு செஸ் ஆடினார். மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் இருபது ரூபாயை மேஜையில் வைத்தார். கடிதத்தை மட்டும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தெலுங்கில் சொன்னார். தமிழில் இப்படி வரும்:

"கிளப்பில் பெரிய மனுஷன் என்று எல்லோரும் எனக்கு விட்டுக்கொடுப்பார்கள் பாபு, இவன் ஒருத்தன்தான் மரியாதையாகத் தோற்கடித்தான். ஆனால் நாற்பது வருஷம் ஆபீஸில் இருந்தவன் நான்; பெட்டிஷன் போட்டவர் வந்து வாபஸ் வாங்காமல் ஃபைலை மூட மாட்டேன்."

ஆகவே ஐயா, இந்த ஊரில் என் கடையைவிட மலிவான பொழுதுபோக்கு பெயர் போடாமல் கடிதம் எழுதுவது ஒன்றுதான், அந்த ஸ்டாம்புக் காசையும் நானே தந்துவிடுகிறேன், மாதம் முடிவதற்குள் மாடியேறிப் போய்ப் பெயரைச் சொல்லி வாபஸ் வாங்குங்கள்.